இடுப்பளவு செண்பகம்

எங்கள் வீட்டுச் செண்பகம் இன்றைக்கும் என் இடுப்புக்கு மேல் இல்லை. செண்பகம் என்றால் கோயில் கூரையைத் தாண்டி நிற்கிற மரம். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்க வேண்டும். எங்களுடையதைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். லயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், "என்னாங்க இது, தேயிலையில புது ரகமா? எல இம்மாம் பெருசா இருக்கு?" என்று கேட்பார்கள். "ஆமா, எங்க வீட்டு ரகம்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். எல்லாருக்கும் நின்று விளக்கம் சொல்ல என்னால் ஆகாது. எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை என்று என் வீட்டுக்காரரே சொல்லுவார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்த காலத்தில்.

எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள், டயகமவிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருக்கிறது. எங்களுடையது கடைசிக் காம்பரா. ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, பின்னால் அடுப்படி. கடைசியில் இருப்பதில் ஒரு லாபம், பக்கவாட்டில் கொஞ்சம் மண் கிடைத்தது. இப்படி மண் கிடைத்தவர்கள் லீக்ஸ் போடுவார்கள், கோவா போடுவார்கள், போஞ்சிக் கொடி ஏற்றுவார்கள். நானும் போட்டேன். ஆனால் அதன் நட்டநடுவில், வெயில் நன்றாக விழுகிற இடத்தில், ஹட்டனில் வாங்கி வந்த செண்பகக் கன்றை வைத்தேன். கொரோனாவுக்கு முந்தின வருஷம் அது. பக்கத்துக் காம்பராக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்டி, பூவ ஆஞ்சு கொழம்பு வைக்கப் போறியா?"

"வச்சா ஒனக்கு ஒரு கரண்டி தாறேன், போ" என்றேன்.

ஒரு நாள் கண்டாக்கும் வந்து நின்றார். மலையில் எங்களை வேலை வாங்குகிறவர் அவர்தான். லயத்துப் பக்கம் பெரிய மரம் வைக்கக் கூடாது, வேர் போய்ச் சுவரைப் பிளந்துவிடும் என்றார். "இந்தச் செவரு ஏற்கெனவே பொளந்துதாங்க ஐயா கெடக்கு. வேரு வந்தாலாவது புடிச்சு நிக்கும்" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்த்தும் பார்க்காதது போல் போவார்.

நான் ஏன் செண்பகம் வைத்தேன் என்பதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இந்த வயதில் இது தேவையா என்று கேட்பார்கள். இப்போது சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரர் கவ்வாத்து ஆள். தேயிலை தன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். சில வருஷத்துக்கு ஒரு தடவை அதை மட்டமாக வெட்டிக் குட்டையாக்கினால்தான் எங்களைப் போன்ற பெண்களுக்குக் கைக்கு எட்டுகிற உயரத்தில் கொழுந்து வரும். அந்த வெட்டுக்குப் பெயர்தான் கவ்வாத்து. வளைந்த கத்தி, ஒரே இழுப்பு, சரிவான வெட்டு. மழைத் தண்ணீர் வெட்டுவாயில் தங்கக் கூடாது. கவ்வாத்து ஆட்களுக்குக் கணக்கு வேலை. கொடுத்த செடிகளை முடித்தால் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போகலாம். எங்களுக்கு அந்தியில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகுதான் விடுதலை. அதனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னாலேயே வந்து குளித்துவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார், நான் பின்னால் மலையிலிருந்து இறங்குவேன்.

துரை பங்களாத் தோட்டத்தில் ஒரு செண்பகம் நின்றது. பூக்கிற காலத்தில் பங்களாவைச் சுற்றி வேலை விழுந்தால், இவர் ஒரு பூவைப் பறித்துத் துண்டு முனையில் முடிந்து மடியில் செருகிக்கொண்டு வந்துவிடுவார். பிடிபட்டால் வேலை போகும். ஒரே ஒரு பூதான். இரண்டு பறித்தால் மரத்துக்குத் தெரிந்துவிடும் என்பார். நான் லயத்துப் படியேறும்போது எழுந்து வந்து, "ஏ புள்ள, கையக் காட்டு" என்று முடிச்சை அவிழ்ப்பார். இலை பறித்த கறை ஏறிய கையில் அந்த மஞ்சள் பூ. எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலும் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். கொழுந்து நிறுக்கிற கொட்டகை, அந்த மடுவத்துக்குப் பின்னால் ஒரு பூவைக் கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டார். நானும் பூவுக்கு மயங்கிப்போனேன். என்னத்தைச் சொல்ல, வேறு யாரும் எனக்கு ஒரு பூக்கூடத் தந்ததில்லையே.

பிறகு பங்களா ஹோட்டலாகிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று செண்பகத்தை வெட்டினார்கள். அன்றைக்கு அந்தப் பாதையில் போனபோது அறுத்த துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறெரிந்தது. நாம் ஒன்று வைத்தால் என்ன என்ற எண்ணம் அப்போது வந்ததுதான்.

கன்று பிழைக்காது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தை மாதப் பனி இங்கே தேயிலையையே கருக்கிவிடும். நான் அந்தியில் உரச்சாக்கைப் போர்த்தி, விடிந்ததும் எடுப்பேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "எனக்குக்கூட நீ இப்பிடிப் போத்திவிட்டதில்லையே புள்ள" என்று கிண்டல் பண்ணுவார். "நீங்க பூக்கறதா இருந்தாச் சொல்லுங்க, போத்திவிடுறேன்" என்பேன். அது பிழைத்தது. மூன்று பனி தாண்டி என் தலைக்கு மேல் போனது.

அதற்குள் அவருக்குப் பேர் வெட்டியாகிவிட்டது. வயது வந்துவிட்டால் தோட்டத்தில் அப்படித்தான், வேலைப் பதிவிலிருந்து பேர் எடுத்துவிடுவார்கள். வீட்டில்தான் இருந்தார். ஒரு நாள் அந்தியில் நான் மலையிலிருந்து வந்து பார்க்கிறேன், என் செண்பகம் இடுப்பளவில் நிற்கிறது. மேலே மட்டமாக, ஒவ்வொரு கிளையும் சரிவாக, அழகாக வெட்டியிருந்தது. வெட்டிய குச்சிகளைத் தேயிலை மிலாறு கட்டுவது போல் விறகுக் கட்டாகக் கட்டிச் சுவரோரம் வைத்திருந்தார். ஒரே ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்.

"அடப் பாவி மனுஷா! என்னா பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். லயமே எட்டிப் பார்த்தது.

அவர் கொஞ்சங்கூடப் பதறவில்லை. "ரொம்ப ஒசந்து போச்சு. ஒங்களுக்குக் கொழுந்து எட்ட வேணாமா?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. ஒரு கிளையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "செடி மெலிஞ்சு இருக்குல்ல. மூச்சு விட ஒண்ணு வேணும்" என்றார். அதுவும் கவ்வாத்து வழக்கம்தான். மெலிந்த செடியை முழுதாக வெட்டினால் செத்துவிடும். அதனால் ஒரு கிளையை மூச்சுக்கு விடுவார்கள். மற்ற இடங்களில் தளிர் வந்ததும் அதையும் வெட்டிவிடுவார்கள், அதற்கு மேல் அது தேவையில்லை. இது எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தேயிலைக்கு. வீட்டுப் பூமரத்தை யார் அப்படி வெட்டுவார்கள்? இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அது வியாதி என்று எனக்குத் தெரியவில்லை, புத்தி கெட்ட மனுஷன் என்றே நினைத்தேன்.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. விடியற்காலை எழுந்து கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய், பேர் கொடுக்க வரிசையில் நின்றார். முதலில் எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட ஆரம்பித்தார்கள். தேத்தண்ணியை அடுப்பில் ஊற்றினார். இறந்துபோன தன் அண்ணனுக்குச் சோறு வைக்கச் சொன்னார். நுவரெலியா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சிங்களத்தில் நிறையப் பேசிவிட்டு, எனக்குப் புரிய வேண்டுமென்று கடைசியில் தமிழில், "மறதி. கூடும். குறையாது" என்றார். அந்த மனிதருக்கு அவ்வளவு தமிழ்தான் தெரியும் போல. அதுவே போதுமாக இருந்தது.

நானும் நேரத்துக்கு முன்னாலேயே வேலையை விட்டுவிட்டேன். தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. எங்கள் ஒரே மகள் கொழும்பில் கார்மென்டில் இருக்கிறாள். அவள் அனுப்புவதில்தான் வண்டி ஓடுகிறது.

ஒரு நாள் சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, என்னைப் பார்த்து மரியாதையாக, "நல்லா இருந்துச்சுக்கா. எங்க வீட்டு ஆளு வந்ததும் சொல்றேன்" என்றார்.

என்னைவிட ஆறு வயது மூத்த மனுஷன் என்னை அக்கா என்கிறார்! முதலில் சிரிப்புத்தான் வந்தது. "யாருக்கு யாரு அக்கா? கண்ணத் தொறந்து பாருங்க" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். அந்தப் பயத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் எவ்வளவோ கத்தியிருக்கிறேன், ஒரு தடவைகூட அவர் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை. அன்றையிலிருந்து நான் அக்காதான். பக்கத்துக் காம்பராவில் இருந்து உதவிக்கு வருகிற யாரோ ஒரு அக்கா.

மகளிடம் போனில் சொல்லி அழுதேன். "அப்பாவுக்குப் பழசு ஞாபகம் இருக்கும்மா. கல்யாணப் போட்டோவக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். உடனே முகம் மலர்ந்துவிட்டது. படத்தில் இருந்த என்னைத் தொட்டு, "இதுதான் எங்க வீட்டு ஆளு" என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "இன்னும் மலையிலருந்து எறங்கல" என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். படத்தில் இருந்தவள் வேறு, நான் வேறு என்று ஆகிவிட்டது. எனக்கு என் மேலேயே பொறாமை வந்தது என்றால் சிரிப்பீர்கள்.

அப்போதுதான் பூ ஞாபகம் வந்தது. படம் வேறு, பூ வேறு. அந்த வாசத்தை மோந்துகொண்டு என் கையைப் பார்த்தால் தெரியாமலா போகும்? ஒரே ஒரு தடவை, ஒரு நிமிஷம், "ஏ புள்ள" என்று கூப்பிட்டால் போதும் என்று இருந்தது. அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

ஹட்டனுக்குப் போன மகராசி ஒருத்தியிடம் சொல்லிக் கோயிலடிக் கடையில் செண்பகம் வாங்கிவரச் சொன்னேன். செண்பகத்தின் குணம் தெரியும்தானே, பறித்தால் அரை நாள் தாங்காது. தலவாக்கலை தாண்டி, அக்கரப்பத்தனை தாண்டி பஸ் இங்கே வந்து சேர்வதற்குள் கறுத்துச் சுருண்டுவிட்டது. கையில் வைத்தேன். பார்த்துவிட்டுக் கீழே போட்டார். வேறு யாரிடம் கேட்பது? பங்களா மரம் போய்விட்டது. எங்கள் வீட்டு மரம்தான் பூக்க வேண்டும்.

இடுப்பளவில் வெட்டிய மரம் எப்படிப் பூக்கும்? வெட்டிய இடங்களில் எல்லாம் தளிர்தான் வந்தது. தேயிலையிலும் அதே கதைதான். தேயிலையும் பூக்கிற சாதிதான், வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும், இலேசாக வாசமும் உண்டு. பூக்க விட்டால் கொழுந்து குறையும் என்று வெட்டுகிறோம். காலமெல்லாம் பூக்காமல் பார்த்துக்கொள்வதையே வேலையாகச் செய்த மனுஷனிடம் நான் பூவை எதிர்பார்த்தேன்.

ஆனால் மூச்சுக்கு விட்ட அந்த ஒரு கிளை இருந்தது. அது தன்பாட்டில் கூரை விளிம்பு வரைக்கும் போய்விட்டது. எனக்கு இருந்த நம்பிக்கை முழுதும் அந்தக் கிளையில்தான். அவரோ அடிக்கடி கத்தியோடு மரத்தைச் சுற்றி வருவார். தளிரைக் கிள்ளி மட்டம் பார்ப்பார், கவ்வாத்து ஆட்கள் செய்வது போல் தண்டில் பிடித்த பாசியைச் சுரண்டுவார். கிளையை அண்ணாந்து பார்த்து, "இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியுமோ என்று நான் கத்தியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் ஒரு நாள் கத்தியை எடுத்துப் பக்கத்துக் காம்பராக்காரியிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன்.

அவர் தேடினார். அடுப்படியில், கட்டிலுக்கு அடியில், கோவாப் பாத்தியில். "பெரட்டுக்கு நேரமாச்சு, கத்தியக் காணோமே" என்று என்னிடமே வந்து கேட்டார். வரும் வரும் என்றேன். இரண்டாம் நாள் சோறு வேண்டாம் என்றார். கத்தியில்லாமல் போனால் விரட்டிவிடுவார்கள், பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவேன் என்று அழுதார். மகளுக்கு இப்போது முப்பது வயது.  பிறகு ஒரு காலை பார்த்தால், வீட்டின் பின்சுவரில் பிடித்திருந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். விரல் நுனியெல்லாம் இரத்தம். கையைப் பிடித்து நிறுத்தினேன். "வுடுங்கக்கா, கணக்கு முடிக்கணும்" என்று உதறிவிட்டு மறுபடியும் சுரண்டினார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அந்த மனுஷனிடம் மிச்சம் இருந்தது அந்தக் கை ஒன்றுதான். பேர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, நான் போய்விட்டேன். கையையும் நான் பிடுங்கிக்கொள்வதா? போய்க் கத்தியை வாங்கிவந்து கொடுத்தேன். "வேணாம்டி, மரத்த வெட்டிப்போடுவாரு" என்றாள் பக்கத்துக்காரி. "வெட்டட்டும். அவரு வெரலவிடவா?" என்றேன். சொல்லும்போது பெரிய தியாகி மாதிரித்தான் சொன்னேன். உள்ளுக்குள், நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்வேன், கிளைக்குக் கையை விடமாட்டேன் என்ற கள்ளக் கணக்கும் இருந்தது.

அன்றைக்குச் சோறு சாப்பிட்டார். விரலில் துணி சுற்றிக்கொண்டு, தளிர்களைப் பார்த்துப் பார்த்து நுனி கிள்ளினார். நான் பக்கத்தில் கல்லைப் போட்டு உட்கார்ந்து அரிசி பொறுக்குவேன், கீரை ஆய்வேன். கத்தி அந்தக் கிளைப் பக்கம் திரும்பினால், "அண்ணே, இந்தப் பக்கம் பாசி இருக்கு" என்று யாரோ வேலைக்காரி சொல்வது போல் சொல்ல மனம் வரும். அண்ணே என்கிற அந்த வார்த்தை மட்டும் வாயில் வராது. "இந்தாங்க, இங்க பாருங்க" என்பேன். அவரும் வருவார்.

மழை விட்டு வெயில் காட்டிய நாட்களில் அந்தக் கிளையில் மொட்டு வந்தது. இலையும் கிளையும் சேருகிற இடத்தில், மெல்லிய முடி போர்த்திய மொட்டு. முதலில் நம்பவில்லை. பக்கத்துக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஆமாடி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கிழவிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மகளுக்குப் போன் பண்ணினேன். "பூத்ததும் மொதல்ல அப்பா கையில குடுங்கம்மா. என்னா சொல்றாருன்னு எனக்கு ஒடனே சொல்லுங்க" என்றாள். ஒரு மொட்டில் மஞ்சள் தெரிய ஆரம்பித்தது. நாளைக்கு விரியும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு அந்தியில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழே பீலிக்குப் போய் ஒரு குடம் பிடித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் நான் போனது. படியேறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம், ஒரே இழுப்பு. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கிளை தரையில் கிடந்தது. மரம் இடுப்பளவில், மேசை மாதிரி, ஒரு பிசிறு இல்லாமல் நின்றது. அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வேலை முடித்த நிறைவோடு என்னைப் பார்த்தார்.

"தளிர் நல்லா வந்துருச்சுக்கா. இனி மூச்சுக்கு இது வேணாம்."

நான் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.  வாய்விட்டு அழுதேன். யார் எட்டிப் பார்த்தால் என்ன என்று அழுதேன். அவர் தள்ளி நின்று, எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் தவித்தார். "அழாதீங்கக்கா. செத்துப்போகாது. தழைஞ்சு வரும், நான் பாத்துதான் வெட்டியிருக்கேன்" என்றார்.

பிறகு மிலாறு கட்டுவதற்காகக் கிளையைத் தூக்கினார். தூக்கியவர் நின்றுவிட்டார். நுனிப் பக்கத்தில் மஞ்சள் காட்டியிருந்த அந்த மொட்டு, எப்போது என்று தெரியாது, பாதி விரிந்திருந்தது. அதைக் கிள்ளி எடுத்தார். மூக்கருகில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு அழுகை நின்றுவிட்டது.  அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் பார்த்த அதே முகம், அதே கள்ளச் சிரிப்பு. அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டின் முனையில் பூவை வைத்து முடிந்தார். முடிந்து மடியில் செருகினார்.

நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன். 

அவர் மடியைப் பொத்திக்கொண்டார். "தொரைகிட்ட சொல்லிறாதீங்கக்கா. ஒண்ணே ஒண்ணுதான் பறிச்சேன்."

"யாருக்கு?" என்றேன்.

"எங்க வீட்டு ஆளுக்கு." வெட்கப்பட்டார் அந்த மனுஷன். "மலைக்குப் போயிருக்கு. வந்ததும் கையில வைக்கணும்."

சொல்லிவிட்டு முன்பக்கம் போய் இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டார். பாதையைப் பார்த்தபடி, ஒரு கையால் மடியைத் தொட்டபடி. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தியில் உட்கார்ந்த அதே இடம்.

எனக்கு என்ன தோன்றியதோ, அடுப்படிக்குள் ஓடினேன். வேலையை விட்டதிலிருந்து ஆணியில் தொங்கிய படங்கை எடுத்தேன். கொழுந்து பறிக்கும்போது நனையாமல் இடுப்பில் சுற்றுகிற சீலை அது. தூசி தட்டக்கூட நிற்கவில்லை. சுற்றினேன். தலையில் துணியை இழுத்துக் கட்டினேன். கொழுந்துச் சாக்கை முதுகில் மாட்டிக்கொண்டு பின்வழியாக இறங்கி, லயத்தைச் சுற்றிக்கொண்டு, பாதைக்குப் போய், மலையிலிருந்து வருகிறவள் போலத் திரும்பி நடந்து வந்தேன். பக்கத்துக்காரி வாசலில் நின்று பார்த்தாள். எப்போதும் கிண்டல் பண்ணுகிறவள், அன்றைக்கு உள்ளே போய்விட்டாள்.

படியேறும்போது அவர் எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. கை மடிக்குப் போனது. நான் சாக்கைக் கீழே போட்டுவிட்டு, தலைத்துணியை அவிழ்த்து, நேரே அவர் கண்ணுக்கு முன்னால் போய் நின்றேன். கையை விரித்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இறங்கிப்போனது. என் தோளுக்கு மேலாகப் பாதையை எட்டிப் பார்த்தார்.

"வேல முடிஞ்சுதாக்கா? எங்க வீட்டு ஆள எங்கயாச்சும் பாத்தீங்களா?"

பனிமூட்டம் பாதையை மூடிக்கொண்டு வந்தது. பாதையில் யாரும் இல்லை. நான் விரித்த கையை மடக்கிக்கொண்டேன். எவ்வளவோ நாளாய் வாயில் வராத வார்த்தை அப்போது வந்தது.

"வருதுண்ணே" என்றேன். "பின்னாடி வந்துகிட்டு இருக்கு."

அவருக்கு நிம்மதியாகிவிட்டது. மறுபடியும் உட்கார்ந்து, மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் வெரசா வரச் சொல்லுங்கக்கா. பூ வாடிரும்."

சொல்கிறேன் என்றேன்.